யார் முதலில் கேட்பது

திருமுல்லைவாயில் கோதண்டம் சதுரங்கத்தில் யாரிடமும் தோற்றதில்லை. தோற்கக்கூடிய பலகையின் முன்னால் அவர் உட்கார்ந்ததும் இல்லை. முதல் சங்கதியை ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டாவது சங்கதி அவர் மனைவி அன்னம்மாளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் அதை வெளியில் சொல்லாததற்குக் காரணம் பதிபக்தி அல்ல, நேரமின்மை. ஏரிப் பாய்ச்சலில் இருந்த மூன்று காணி நிலத்தையும் ஒருத்தியாக அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதனால் கோதண்டம் மோசமான ஆட்டக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. ஆவடி, அம்பத்தூர், பருத்திப்பட்டு என்று சுற்றுவட்டாரத்தில் பலகை வைத்திருந்த அத்தனை பேரையும் அவர் வென்றிருந்தார். பத்து நகர்த்தலுக்கு அப்பால் என்ன நடக்கும் என்று பார்க்கிற கண் அவருக்கு இருந்தது. அந்தக் கண் மாங்காட்டுப் பக்கம் மட்டும் திரும்பாது.

மாங்காட்டில் திருவேங்கடம் இருந்தார். மரச்செக்கு வைத்து எண்ணெய் ஆட்டுகிறவர். மாடு பாட்டுக்குச் செக்கைச் சுற்றிக்கொண்டிருக்கும். அவர் பக்கத்தில் பலகையை விரித்துக்கொண்டு, எண்ணெய் வாங்க வருகிறவனை எல்லாம் ஒரு வழி பண்ணி அனுப்புவார். பூந்தமல்லியிலிருந்து நூம்பல் வரை அவரும் யாரிடமும் தோற்றதில்லை. தங்கள் ஊரில் இரண்டு செக்கு உண்டு, ஒன்றில் எள் நசுங்கும், இன்னொன்றில் ராஜா நசுங்குவார் என்று மாங்காட்டுக்காரர்கள் பெருமை பேசுவார்கள்.

எட்டு மைல் தூரத்தில் இருந்துகொண்டு இவர்கள் இருவரும் ஏன் ஒருமுறைகூட ஆடவில்லை என்று கேட்டால், அதற்குக் கௌரவமான ஒரு பதில் தயாராக இருந்தது. கோதண்டத்தின் தங்கை நாகம்மாளைத் திருவேங்கடத்துக்குத்தான் கட்டிக்கொடுத்திருந்தது.

"ஒறவுக்குள்ள ஆடினா மனஸ்தாபம் வந்துடும். தங்கச்சி வாழற ஊடு" என்பார் கோதண்டம்.

"பொண்ணு குடுத்தவங்களப் போய்த் தோக்கடிச்சா நல்லாவா கீது" என்பார் திருவேங்கடம்.

இப்படி ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டே பதினோரு வருஷத்தை ஓட்டிவிட்டார்கள். இன்னும் பதினோரு வருஷத்தையும் ஓட்டியிருப்பார்கள். நடுவில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்து வந்து தொலைத்தது.

அந்த வருஷம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பட்டத்துக்கு வந்து இருபத்தைந்து ஆண்டுகள் நிறைந்தன. மன்னருக்கு அதில் எவ்வளவு சந்தோஷமோ தெரியாது. பூந்தமல்லியில் அரிசி மில் வைத்திருந்த ஜானகிராமனுக்குத் தலைகால் புரியவில்லை. அவருக்கு ராவ் சாகிப் பட்டத்தின் மேல் நெடுநாளைய காதல். விழாவை ஒட்டி ஏழைகளுக்குச் சோறு போடலாம் என்றால் அதை எல்லா ஊரிலும் எல்லாரும் செய்கிறார்கள். ராஜாவுக்கு விழா என்றால் ராஜா வருகிற ஆட்டமாக ஒரு போட்டி வைப்பதுதான் பொருத்தம் என்று யாரோ அவர் காதில் போட்டார்கள். ராஜாவை மூலையில் தள்ளி மூச்சுத் திணற வைப்பதுதான் அந்த ஆட்டத்தின் நோக்கம் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார்கள். ஜானகிராமனுக்கு ஆட்டம் தெரியாது. அதனால் அவர் மனத்தில் ராஜ விசுவாசத்துக்குப் பங்கம் ஏதும் வரவில்லை.

நோட்டீஸ் அடித்தார். வெள்ளிக் கோப்பை ஒன்று செய்ய ஏற்பாடு பண்ணினார். மே மாதம் ஆறாம் தேதி, விழா நாளன்றே, மாலை நான்கு மணிக்குச் சப் கலெக்டர் துரை நேரில் வந்து வென்றவருக்குக் கோப்பையைக் கொடுப்பார் என்று முடிவாயிற்று. அந்த நோட்டீஸில் கோதண்டத்தின் பெயரையும் திருவேங்கடத்தின் பெயரையும், அவர்களை ஒரு வார்த்தை கேட்காமலேயே, 'பங்கு கொள்ளும் மகா நிபுணர்கள்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார்.

கோதண்டம் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்னம்மாள் வயலிலிருந்து வந்து கால் கழுவினாள்.

"இன்னா, போறதா உத்தேசமா?"

"பேரை அச்சடிச்சுட்டானே."

"அச்சடிச்சா இன்னா. வவுத்துவலின்னு சொல்லி அனுப்பறது."

"மாப்ளயும் அதையே சொல்லி அனுப்பிட்டா?" என்றார் கோதண்டம்.

பத்து நகர்த்தல் முன்னால் பார்க்கிறவர் அல்லவா. இரண்டு ஊரிலும் ஒரே நாளில் இரண்டு வயிறுகள் வலித்தால் ஜனங்கள் என்ன பேசுவார்கள் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒரு வேட்டி, துண்டு, மாற்றுச் சட்டையை மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினார்.

பூந்தமல்லியில் போட்டி என்றால் தங்குவதற்கு மாங்காட்டில் தங்கை வீடுதான். வேறு எங்கும் தங்கினால் தங்கைக்கு அவமானம். ஆகவே, மோதப் போகிற இருவரும் ஒரே வீட்டில் படுத்து எழுந்து, ஒரே கிணற்றில் குளித்து, ஒரே தோசைக்கல்லில் வார்த்த தோசையைத் தின்றுவிட்டு, ஒரே மாட்டு வண்டியில் ஏறிப் பூந்தமல்லிக்குப் போனார்கள். முதல் இரண்டு நாள் வழியில் மழை, ஏரி, மாட்டுக்கு வந்த காணை நோய் என்று பேசிக்கொண்டார்கள். சதுரங்கத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை.

போட்டி அரிசி மில்லின் நெல் கிடங்கில் நடந்தது. மூட்டைகளை ஒருபக்கம் ஒதுக்கி எட்டு மேஜைகள் போட்டிருந்தார்கள். நடுவர் ஜெயராமன். பூந்தமல்லி பட்டாள டிப்போவில் முப்பது வருஷம் ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் தோல் அட்டை போட்ட ஆங்கிலச் சட்டப் புத்தகம் ஒன்று இருந்தது. போட்டியே அந்தப் புத்தகத்தின்படிதான் என்று முதல் நாளே அறிவித்துவிட்டார்.

நம் பக்கத்து ஆட்டத்தில், ராஜா ஒரே ஒருமுறை குதிரை மாதிரித் தாவிக்கொள்ளலாம். ஜெயராமன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "ராஜான்னா நடக்கணும். தாவறதுக்கு அவர் இன்னா தவளையா" என்றார். ராஜா தாவுவார் என்று நம்பி வந்திருந்த பாதிப் பேர் முதல் நாளே மூட்டை கட்டினார்கள். மீதிப் பேரைக் கோதண்டமும் திருவேங்கடமும் ஆளுக்கு ஒரு பக்கமாக அறுவடை செய்துகொண்டு வந்தார்கள். ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை கிடங்கில் ஒரே ஒரு மேஜைதான் மிச்சம். அதன் இரண்டு பக்கமும் இரண்டு நாற்காலி.

அன்று காலை தோசை போடும்போது நாகம்மாள் சொன்னாள்:

"யாரு ஜெயிச்சாலும் இந்த ஊட்ல ஒரு வாரம் மூஞ்சி தூக்கிக்கினு இருக்கப் போறீங்க. எனக்குத் தெரியும். ஒன்னு மட்டும் சொல்லிட்டேன், அண்ணாத்தே. ஜெயிச்சவருக்கும் சோறு கிடையாது, தோத்தவருக்கும் கிடையாது."

இருவரும் தோசையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்கள். அன்று வண்டியில் மழையைப் பற்றிக்கூட யாரும் பேசவில்லை.

ஆட்டம் ஒன்பது மணிக்குத் தொடங்கியது. கடிகாரம் வைத்து ஆடும் வழக்கம் அப்போது பூந்தமல்லி வரை வந்து சேரவில்லை. யோசிக்கிறவர் யோசித்து முடிக்கும்வரை உலகம் காத்திருக்க வேண்டும். கத்திரி வெயில் தொடங்கி இரண்டாம் நாள். தகரக் கூரை கொதித்தது. முதல் மூன்று மணி நேரத்தில் பதினொரு நகர்த்தல்கள் நடந்தன. இரண்டு மகா நிபுணர்களும் ஆளுக்கொரு கோட்டை கட்டி, அதற்குள் ராஜாவைப் பூட்டி, சாவியை விழுங்கியவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சிப்பாயை முன்னால் தள்ளுவதற்கு முன் கோதண்டம் அதன் குடும்பத்தைப் பற்றியெல்லாம் கவலைப்பட்டார். திருவேங்கடம் அதைவிட மோசம். ஒரு யானையை எடுத்து முன்னால் வைத்தவர், அடுத்த முறை அதே யானையை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார்.

மத்தியானம் நாகம்மாள் அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடு கொடுத்தனுப்பியிருந்தாள். மேல் அடுக்கு புருஷனுக்கு, கீழ் அடுக்கு அண்ணனுக்கு. இரண்டிலும் ஒரே அளவு சோறு, ஒரே அளவு கத்தரிக்காய்க் குழம்பு. பாரபட்சம் காட்டினாள் என்ற பேச்சே வரக் கூடாது என்று இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் வற்றல் போட்டிருந்தாள். இருவரும் எதிரெதிர் மூட்டைகளில் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஐந்து மணிக்கு ஜெயராமன் ஆட்டத்தை நிறுத்தினார். பலகையை அப்படியே விட்டு, மில்லில் இருந்த பெரிய பித்தளை அண்டாவைக் கவிழ்த்து மூடி, அண்டாவின் விளிம்பைச் சுற்றி அரக்கு உருக்கி டிப்போ வழக்கப்படி முத்திரையும் வைத்துவிட்டுப் போனார். ராணுவ ரகசியங்களுக்குக்கூட அவ்வளவு காவல் போட்டிருக்க மாட்டார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை, விழா நாள். பூந்தமல்லி முழுவதும் காகிதக் கொடி. பதினொரு மணி சுமாருக்கு ஆட்டத்தில் முதன்முறையாக ஏதோ நடக்கிற மாதிரி இருந்தது. திருவேங்கடம் ஒரு சிப்பாயை நகர்த்தினார். அந்தச் சிப்பாய் நகர்ந்ததும் அவர் ராஜாவின் பக்கத்தில் ஒரு சந்து விட்டது. கோதண்டம் அந்தச் சந்தைப் பார்த்தார். கை தன்னால் எழுந்து குதிரைக்கு மேலே போய் நின்றது.

குதிரையை அங்கே கொண்டுபோய் வைத்தால் வெட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும். அவன் ராஜா அதை வெட்டுவான். அதற்கப்புறம்? அதற்கப்புறம் என்ன என்று பார்க்கத்தான் அவருக்குக் கண் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்தது பலகை இல்லை. குதிரையை இழந்து, ஆட்டத்தையும் இழந்து, திருமுல்லைவாயில் கடைத்தெருவில் தான் நடந்து போகிற காட்சி தெரிந்தது. டீக்கடையில் பேச்சு நிற்கிறது. யாரோ பின்னால் சிரிக்கிறார்கள். கோதண்டத்துக்கு வியர்த்தது. நாற்பது நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு கையை மெதுவாக விலக்கி, குதிரைக்குக் குதிரை என்று நஷ்டமில்லாமல் வெட்டிக்கொண்டார். எதிரே திருவேங்கடம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கிடங்கின் பின்பக்கம் அவசரமாக எழுந்துபோய்விட்டு வந்தார்.

அதன் பிறகு காய்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஒரு மணிக்கு இரண்டு பக்கமும் ஒரு ராஜா, ஒரு யானை, நான்கு சிப்பாய்கள். சிப்பாய்கள் ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டு நின்றுவிட்டன. இனி யார் முதலில் வேறு ஏதாவது செய்கிறாரோ அவர் ஒரு சிப்பாயை இழப்பார், அதோடு ஆட்டத்தையும். இருவருக்கும் இது தெரியும். ஆகவே கோதண்டம் யானையை ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்த்தினார். திருவேங்கடம் தன் யானையை ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்த்தினார். கோதண்டம் யானையைத் திரும்பக் கொண்டுவந்தார். திருவேங்கடமும் கொண்டுவந்தார்.

கிடங்கின் ஜன்னலுக்கு வெளியே கூட்டம். நூம்பலிலிருந்து வந்திருந்த துலுக்கானம் வண்டிச் சக்கரத்தின் மேல் ஏறி நின்று, உள்ளே நடப்பதைப் பார்த்துக் கீழே இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். காலையிலிருந்தே அவனுக்கு அது உத்தியோகம்.

"இன்னா நடக்குது அண்ணாத்தே?"

"யானை வந்துது."

"யாரு யானை?"

"மாங்காட்டு யானை. இரு, முல்லவாயில் யானையும் வந்துது."

"அப்பால?"

"மாங்காட்டு யானை போச்சு."

"எங்க போச்சு?"

"முன்னாடி எங்க இருந்துதோ அங்கயே போச்சு."

"இதுக்கா நூம்பல்லருந்து நடந்து வந்தோம்" என்றார் கீழே இருந்தவர்.

"சும்மா இரு நைனா. பெரிய ஆட்டம்னா அப்டித்தான் இருக்கும்."

இரண்டு மணி ஆயிற்று. யானைகள் வந்துபோய்க்கொண்டிருந்தன. ஜெயராமன் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரே நிலை மூன்று முறை வந்தால் ஆட்டக்காரர் டிரா கேட்கலாம் என்று அதில் இருந்தது. அவர் கணக்கில் அதே நிலை முப்பத்தோராவது முறையாக வந்திருந்தது. ஆனால் புத்தகம் 'கேட்கலாம்' என்றுதான் சொல்லியிருந்தது. நடுவரே கொடுத்துவிடலாம் என்று எங்கும் சொல்லவில்லை.

"யாராவது ஒருத்தர் கேளுங்க. குடுத்துடறேன்" என்றார் ஜெயராமன்.

கோதண்டம் யானையைப் பார்த்தார். திருவேங்கடம் கூரையைப் பார்த்தார்.

கேட்பதற்கு ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னவன் கதி என்ன? 'கோதண்டம் போதும்னு கெஞ்சினான், மாங்காட்டுக்காரரு பாவம் பாத்து வுட்டுட்டாரு' என்று நாளைக் காலை பூந்தமல்லிச் சந்தையில் பேசுவார்கள். அடுத்த வாரம் அது ஆவடிக்கு வரும். அவர் பேரன் காலத்தில்கூட யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள். கோதண்டம் யானையை வலப்பக்கம் நகர்த்தினார்.

மூன்று மணிக்கு ஜானகிராமன் ஜரிகைத் தலைப்பாகையும் புதுக் கோட்டுமாக உள்ளே வந்தார். வாசலில் பேண்டு வாத்தியக்காரர்கள் வந்துவிட்டார்கள். மேஜைமேல் கோப்பை பளபளத்தது.

"யாரு ஜெயிக்கறது?" என்று ஜெயராமனிடம் கேட்டார்.

"யாரும் ஜெயிக்க முடியாது, சார்."

"அப்ப எப்ப முடியும்?"

"முடியாது, சார்."

ஜானகிராமனுக்கு முகம் வெளுத்தது. துரை வரும்போது ஜெயித்தவன் ஒருவன் மாலையோடு நிற்க வேண்டும். ஜெயித்தவன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, முடிந்த ஆட்டமாவது இருக்க வேண்டும். துரை வந்து நிற்க, இரண்டு பேர் யானையை மேய்த்துக்கொண்டிருந்தால் ராவ் சாகிப் பட்டம் எங்கிருந்து வரும். அவர் இருவர் காலிலும் விழாத குறையாகக் கெஞ்சினார். கடைசியில் ஜெயராமன் ஒரு வழி சொன்னார்.

"நான் ஒன்னு, ரெண்டு, மூனு சொல்றேன். மூனுன்னதும் ரெண்டு பேரும் சேந்தே 'டிரா'ன்னு சொல்லிடுங்க. யாரும் மொதல்ல கேட்டதா ஆவாது."

இருவரும் தலையாட்டினார்கள். துலுக்கானம்கூட வாயை மூடிக்கொண்டான்.

"ஒன்னு. ரெண்டு. மூனு."

கோதண்டம் வாயைத் திறக்கவில்லை. எதிராளி சொல்லிவிடுவான், தான் சொல்லாமல் இருந்துவிட்டால் கேட்டவன் அவன் ஒருவன்தான் என்று ஆகிவிடும் என்பது அவர் கணக்கு. எதிரே இருந்தவரும் அதே அளவு கெட்டிக்காரர். ஈ பறக்கிற சத்தம் கேட்டது.

"இன்னொரு வாட்டி" என்றார் ஜெயராமன். அவர் குரலில் முப்பது வருஷ உத்தியோகத்தின் அலுப்பு அத்தனையும் இருந்தது. இரண்டாம் முறையும் மூன்று சொன்னார். இரண்டாம் முறையும் யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு மச்சான்களும் ஒருவரை ஒருவர் முதன்முறையாக நேருக்கு நேர் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் பெரிய மரியாதை ஒன்று இருந்தது. ஒரு திருடன் இன்னொரு திருடனைச் சந்தில் பார்க்கும்போது வருகிற மரியாதை.

நாலு மணி பத்து நிமிஷத்துக்குத் துரையின் கார் வந்தது. பேண்டு முழங்கியது. துரை இளவயதுக்காரர். அன்று அது அவருக்கு ஐந்தாவது ஊர், ஐந்தாவது மாலை. முகம் பழுத்த மிளகாய் மாதிரி இருந்தது. ஜானகிராமன் எழுதி மனப்பாடம் பண்ணி வைத்திருந்த வரவேற்பைப் பாதிவரை கேட்டார். பிறகு பலகை இருந்த மேஜையைப் பார்த்ததும் அவர் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. நேரே அங்கே வந்து, குனிந்து, இரண்டு நிமிஷம் பார்த்தார். கோதண்டம் யானையை வலப்பக்கம் நகர்த்தினார். திருவேங்கடம் இடப்பக்கம் நகர்த்தினார். துரை சிரித்தார்.

"டிரா" என்றார்.

அவ்வளவுதான். இரண்டு பேரும் விசை முடுக்கிய பொம்மைகள் போல எழுந்து நின்றார்கள். துரை இருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். அதே வார்த்தையை மத்தியானத்திலிருந்து ஒரு புத்தகம் சொல்லியிருந்தது, ஒரு ஹெட்கிளார்க் சொல்லியிருந்தார், பலகையே சொல்லியிருந்தது. யாருடைய சொல்லுக்கும் அடங்காத மானஸ்தர்கள் இருவரும், கப்பல் ஏறி வந்த ஒரு வாலிபன் சொன்னதும் அப்பாடா என்று அடங்கிப்போனார்கள். கோதண்டத்துக்குத் தலைச்சுமையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. மன்னர் மேல் உள்ள பக்தி என்று ஜானகிராமன் அதை எடுத்துக்கொண்டார்.

கோப்பை ஒன்றுதான் இருந்தது. அதை யாருக்குக் கொடுப்பது என்று துரை கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அடுத்த போட்டி வரை ஏற்பாட்டாளரே வைத்திருக்கட்டும் என்று சொல்லி, அதை ஜானகிராமன் கையிலேயே கொடுத்துவிட்டு, மாலையைக் கழற்றிக் கார் டிரைவரிடம் நீட்டிக்கொண்டே போய்விட்டார். ஜானகிராமன் கோப்பையோடு நிற்கிற படம் ஒன்று எடுக்கப்பட்டது. கோப்பை மில் ஆபீஸின் கண்ணாடி அலமாரிக்குப் போயிற்று. அடுத்த போட்டியை அவர் நடத்தவே இல்லை. பட்டமும் வரவில்லை.

திரும்பிப் போகிற வண்டியில் கோதண்டம்தான் முதலில் பேசினார்.

"தொரையே சொல்லிட்டாரு. அப்பால நாம இன்னா பண்றது."

"ஆமா மச்சான். இல்லாங்காட்டி நான் பாட்டுக்கு ஆடிக்கினு இருந்திருப்பேன்."

"நானுந்தான் மாப்ளே."

வீட்டில் நாகம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு இருவருக்கும் இலை போட்டாள்.

கோதண்டத்தின் கீர்த்தி இரண்டு மடங்காயிற்று. ரயிலில் போகிறவர்கள்கூட அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். இரண்டு நாள் ஆடியும் ஒருவரும் ஒரு தப்புக்கூடப் பண்ணவில்லையாம், இரண்டு மலை மோதினால் எப்படி இருக்கும் என்று பாருங்கள் என்றார்கள். கோதண்டமும் அதை மறுக்கவில்லை. ஒரு மாதம் நன்றாக ஓடியது.

ஆனி மாதத்தில் ஒரு மத்தியானம், வேறு வேலை இல்லாமல், அந்த ஆட்டத்தை ஞாபகத்திலிருந்து பலகையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு வந்தார். குதிரையை எடுத்தார். இப்போது டீக்கடையும் இல்லை, சிரிப்பும் இல்லை. வீட்டில் தனியாக இருந்தார். குதிரையைச் சந்தில் வைத்தார். ராஜா வெட்டட்டும். வெட்டினான். யானை இறங்கட்டும். இறங்கியது. ராஜா ஓடட்டும். ஓட இடமில்லை. ஆறே ஆறு நகர்த்தல். வேறு மாதிரி ஓடினால் ஏழு.

அன்னம்மாள் உள்ளே வந்தபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா ஆச்சு?"

"ஒன்னுமில்லே. தலவலி."

உலகத்தில் இதைச் சொல்ல ஒரு ஆள்கூட இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைப் பயந்துபோய் விட்டேன் என்று யாரிடம் சொல்வது. ஊரில் சொன்னால் கீர்த்தி போச்சு. சொல்லாமல் இருந்தால் அந்த ஆறு நகர்த்தலும் நெஞ்சுக்குள்ளேயே கிடந்து குடைந்தன. அவ்வளவு அழகான ஒன்றை அவர் வாழ்நாளில் அதுவரை கண்டுபிடித்ததில்லை.

ஆவணியில் நாகம்மாளின் மூன்று வயதுப் பெண் சாமுண்டீஸ்வரிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். கோதண்டம் சீரோடு மாங்காட்டுக்குப் போனார். அம்மன் கோயிலில் குழந்தை அலறி அவர் சட்டையை எல்லாம் நனைத்தது. பந்தி முடிந்து, உறவுக்காரர்கள் ஆளுக்கொரு பாயில் சாய்ந்த பிறகு, திருவேங்கடம் வெற்றிலை மடித்துக்கொண்டு செக்குக் கொட்டகைக்குப் போனார். கோதண்டமும் பின்னாலேயே போனார். மாடு அசை போட்டுக்கொண்டிருந்தது. இருவரும் கொஞ்ச நேரம் பிண்ணாக்கைப் பற்றிப் பேசினார்கள்.

"மாப்ளே" என்றார் கோதண்டம். "ரெண்டாம் நாள் காலைல, நீ ஒரு சிப்பாய நவுத்தினியே..."

"குதிரையா?" என்றார் திருவேங்கடம்.

கோதண்டம் அவர் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா? எப்பலேந்து?"

"சிப்பாய வச்சுட்டுக் கைய எடுத்தேன் பாரு, அப்பவே தெரியும். நீ கையத் தூக்கி குதிரைக்கு மேல வச்ச. தீந்துது நம்ம கதைன்னு உக்காந்துக்கினு இருந்தேன். நாப்பது நிமிசம், மச்சான். எனக்கு ஒன்னுக்கு முட்டிக்கினு வருது. எழுந்து போனா, ஏன் இவன் இப்டி நெளியறான்னு நீ பாத்துட்டு கண்டுபுடிச்சுடுவியோன்னு அடக்கிக்கினு உக்காந்திருந்தேன்."

தன் முட்டாள்தனத்தை நாற்பது நிமிஷம் எதிரிலேயே உட்கார்ந்து ஒருவன் பார்த்திருக்கிறான். கோதண்டத்துக்கு உடம்பெல்லாம் கூசியது.

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"இன்னான்னு சொல்றது? நான் தோத்துப்போய் உக்காந்திருந்தேன், எதிராளி கோட்ட வுட்டுட்டான்னா? இருக்கற பேரு போதும் மச்சான்."

அது நியாயமாகத்தான் பட்டது. கோதண்டம் வெற்றிலையை வாங்கிப் போட்டுக்கொண்டார். பிறகு, நப்பாசையோடு கேட்டார்:

"நீ எதுனா அந்த மாரி வுட்டுட்டியா? மொத நாள்ல?"

"இல்லே மச்சான். தேடித் தேடிப் பாத்துட்டேன்."

கோதண்டம் எழுந்துபோய்க் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். திருவேங்கடம் ஒன்றும் கேட்காமல் பலகையை எடுத்து விரித்தார். இரண்டு பேரும் காய்களை அந்தக் காலைப்பொழுதில் இருந்த மாதிரியே அடுக்கினார்கள். யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. ஒவ்வொரு சிப்பாயும் எங்கே நின்றது என்று இருவருக்கும் பாடமாக இருந்தது.

கோதண்டம் குதிரையைத் தூக்கிச் சந்தில் வைத்தார். திருவேங்கடம் வெட்டினார். யானை இறங்கியது. திருவேங்கடம் ராஜாவை ஒருபக்கம் ஓட்டிப் பார்த்தார், மாட்டிக்கொண்டார். "இரு, இரு" என்று காய்களைத் திரும்ப வைத்து இன்னொரு பக்கம் ஓட்டிப் பார்த்தார். அங்கேயும் மாட்டிக்கொண்டார். மூன்றாவது தடவை, குதிரையை வெட்டாமலே தப்பிக்கப் பார்த்தார். கோதண்டம் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். திருவேங்கடம் பலகையை விட்டுக் கொஞ்சம் பின்னால் சாய்ந்து, முழுவதையும் ஒரு பார்வை பார்த்தார்.

"எவ்ளோ நல்லா கீது மச்சான்" என்றார்.

இதைச் சொல்லக்கூடிய ஆள் செங்கல்பட்டு ஜில்லாவிலேயே ஒருத்தன்தான். அவனோடு பதினோரு வருஷமாகப் பிண்ணாக்கையும் மழையையும் பேசியிருக்கிறோம் என்று கோதண்டம் நினைத்தார். அதை வாயால் சொல்கிற அளவுக்கு அவர் இன்னும் திருந்தவில்லை.

"இன்னொரு வாட்டி வை" என்றார்.

காதுகுத்துக்கு வந்தவர்கள் மறுநாள் காலை கிளம்பிப் போனார்கள். கோதண்டம் போகவில்லை. வயலில் களை எடுக்க ஆள் வருகிறது என்று அன்னம்மாள் சொல்லி அனுப்பியும் இரண்டு நாள் மாங்காட்டிலேயே இருந்துவிட்டார். கொட்டகைக் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. அந்த இரண்டு நாளும் செக்கு ஓடவில்லை. எண்ணெய் வாங்க வந்தவர்கள் தூக்குச் சட்டியோடு வெளியே நின்று, நாகம்மாளிடம் என்ன விசேஷம் என்று கேட்டார்கள்.

"மாட்டுக்கு ஒடம்பு சரியில்லே" என்றாள் அவள்.